பட்டு நூலும் அமிலச் சாயமும்

கோர்வைச் சேலையை முதன்முறை நனைக்கும்போது கரையின் அரக்குச் சிவப்பு உடலின் சந்தன நிறத்தில் ஊறிப் பரவுமாயின், அச்சேலை விற்பனை நிலையத்திற்கே திரும்பி வரும். அந்த நட்டம் சங்கத்தையும், அதன் வழியே அங்கத்தினர் ஒவ்வொருவரையும் சேர்ந்தது. இத்தகைய புகார் எழும்போதெல்லாம் சாயத்தூளின் மீதே பழி போடப்படுகிறது. சாயமிட்ட முறையை ஆராய்வோர் சிலரே.

அமிலச் சாயம் என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. அமிலம் கலந்த நீரில் இழையில் ஏறுவதாலேயே அதற்கு அப்பெயர். பட்டும் கம்பளியும் புரதத்தாலானவை. அமில நீரில் அவற்றின் அமினோத் தொகுதிகள் நேர்மின்னேற்றம் அடைகின்றன. சாயத்தின் நிறப்பகுதியோ எதிர்மின்னேற்றம் உடையது. இவ்விரண்டின் ஈர்ப்பினால் சாயம் இழையில் குடிகொள்கிறது. நைலானிலும் இதே தொகுதி உண்டு. ஆனால் அளவிற் குறைவாதலின் மிக அடர்ந்த நிறம் எளிதில் ஏறாது. பருத்தியில் அது இல்லை. ஆகவே பருத்தி நூலுக்கு இச்சாயம் பயன்படாது.

முதல் வேலை பசை நீக்குதல். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செரிசின் என்னும் பசையாகும். சோப்பு நீரில் அவித்து இதனை முற்றும் போக்க வேண்டும். ஆங்காங்கே பசை தங்கினால் நிறம் திட்டுத் திட்டாக அமையும். பின்னர் அப்பசை கரையும்போது நிறத்தையும் உடன் கொண்டுபோகும்.

பசை நீக்கிய 1 கிலோ நூலுக்கு 30 லிட்டர் நீர், நடுத்தர நிறமாயின் 20 கிராம் சாயம், 20 முதல் 30 மில்லி அசெட்டிக் அமிலம் போதும். கைப்பிடியால் அளந்து போடும் பழக்கத்தை இன்னும் சிலர் விடவில்லை. அவர்கள் சாயமிட்ட நூலில் இந்த மாத நிறமும் அடுத்த மாத நிறமும் ஒத்திருப்பதில்லை. சாயத்தைத் தனியே வெந்நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டிச் சேர்க்கவும். 40 டிகிரி சூட்டில் நூலை இறக்கி, கம்பில் புரட்டிக்கொண்டே மெல்ல 85 முதல் 90 டிகிரிக்கு உயர்த்தி, முக்கால் மணி நேரம் வைத்திருத்தல் வேண்டும். அமிலத்தை இருமுறையாகப் பிரித்துச் சேர்ப்பது நன்று. ஒருங்கே ஊற்றினால் சாயம் பாய்ந்தேறி நிறம் சமமாகாது. கொதி கண்ட பட்டு பளபளப்பை இழக்கும்.

அதன்பின் அலசல். நீர் தெளியும்வரை அலசாமல் உலர்த்துவதே சாயம் ஒழுகுவதற்குப் பெருங்காரணம். எனினும் எளிதில் சமமாக ஏறும் சாய வகைகள், எவ்வளவு அலசினாலும் துவைப்பைத் தாங்குவதில் பிற்பட்டவை. கோர்வைக் கரைக்கு உலோகக் கலவைச் சாயங்களைக் கேட்டு வாங்குக. விலை கூடினும் அவை நிலைத்து நிற்கும். பாவு ஓட்டுமுன் சாய நூலை வெள்ளைப் பட்டிழையுடன் முறுக்கி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் அரைமணி ஊறவைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

தீங்கு விளைக்கும் அமீன்களை வெளிவிடும் சில அசோ சாயங்களை இந்திய அரசு 1997இல் தடை செய்தது. அமிலச் சாயங்களுள்ளும் அத்தகையன உண்டு. ஆதலின், பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலத்தைச் சங்கத்தின் கிடங்கில் ஏற்றலாகாது.