பெயரை இழந்த சித்திரக்காரர்

தாம் எழுதிய படத்தின் மூலையில் தம் பெயரை இடும் உரிமை ஒரு சித்திரக்காரருக்கு இல்லாமற்போனால் அவர் மனம் என்ன பாடுபடும்? அமெரிக்காவில் புகழுடன் விளங்கிய ஆல்பர்ட்டோ வர்காஸ் என்பவருக்கு அந்த நிலை நேர்ந்தது.

வர்காஸ் 1896-ஆம் ஆண்டில், தென் அமெரிக்காவிலுள்ள பெரு தேசத்தின் அரெக்கிப்பா நகரில் பிறந்தார். அவர் தந்தை பெயர் பெற்ற புகைப்படக்காரர். ஐரோப்பாவில் கல்வி பயின்ற வர்காஸ், முதல் மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த 1916-இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். அந்நகரத்துப் பெண்களின் மிடுக்கான நடையைக் கண்டபின் ஊர் திரும்பும் எண்ணத்தையே விட்டுவிட்டார் என்று சொல்வார்கள். 1919 முதல் ஸீக்பீல்ட் என்னும் நாடக முதலாளிக்காக நடிகைகளின் உருவங்களை வரைந்தார். பின்னர் ஹாலிவுட் சினிமாக் கம்பெனிகளுக்கும் உழைத்தார்.

நீர்வர்ணத்துடன் 'ஏர் பிரஷ்' என்ற கருவியையும் அவர் கையாண்டார். பேனாவைப் போல் பிடித்துக்கொண்டு, அழுத்திய காற்றினால் வர்ணத்தைப் பனிபோல் தூவும் கருவி அது. ஒளி எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத மென்மை அவருடைய படங்களில் அமைந்தது இதனால்தான்.

1940-இல் 'எஸ்குயர்' பத்திரிகை அவரை அமர்த்திக்கொண்டது. அவர் பெயரின் ஈற்றெழுத்தை நீக்கி, 'வர்கா' என்ற பெயரில் படங்களை வெளியிட்டது. 'வர்கா பெண்' விரைவில் தேசப் பிரசித்தி பெற்றாள். இரண்டாவது மகாயுத்தத்தில் போர்வீரர்கள் அப்படங்களைக் குத்தூசியால் சுவரில் குத்தி வைத்துக்கொண்டார்கள். விமானங்களின் முகப்பிலும் அவற்றைப் பார்த்து எழுதினார்கள். 'பின்-அப்' என்ற பெயர் இவ்வழக்கத்தினின்றும் பிறந்ததே.

1944-இல் பதிப்பாளரை நம்பி வர்காஸ் ஒரு புதிய ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். படங்கள் மட்டுமின்றி 'வர்கா' என்ற பெயரும் பத்திரிகைக்கே உரியது என்று அதில் கண்டிருந்தது! 1946-இல் உறவு முறிந்தது. அவர் எழுதிக் கொடுத்திருந்த படங்களைப் பத்திரிகை அவர் பெயரின்றியே, 'எஸ்குயர் பெண்' என்ற தலைப்புடன் வெளியிட்டது.

அதே ஆண்டில் பத்திரிகைக்கு மற்றொரு வழக்கில் வெற்றி கிட்டியது. வர்கா படங்கள் முதலியவற்றைக் காரணமாகக் காட்டி, 1943-இல் தபால் இலாகா அதன் தபால் கட்டணச் சலுகையை ரத்துச் செய்திருந்தது. எது ரசனைக்குத் தக்கது என்று தீர்மானிப்பது தபால் அதிகாரியின் வேலையன்று என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பத்திரிகையின் சுதந்திரம் நிலைத்தது. படம் எழுதியவரின் கதியோ வேறு. ஐரோப்பிய நாடுகள் சில ஒப்புக்கொண்டிருந்த கலைஞனின் தார்மிக உரிமையைச் சொல்லி வர்காஸ் வழக்காடினார். அத்தகைய உரிமை அமெரிக்கச் சட்டத்தில் இல்லை என்று 1947-இல் அப்பீல் கோர்ட்டு கைவிரித்துவிட்டது.

இத்தகைய படங்கள் இல்லத்துக் கூடத்தில் மாட்டத்தக்கவையா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆயினும், உழைத்தவன் பெயர் உழைப்போடு சேர்ந்திருக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமேது? 1990-இல் அமெரிக்கா சித்திரக்காரர்களுக்குப் பெயருரிமை அளித்துச் சட்டம் இயற்றியது. ஆனால் பத்திரிகைப் படங்களை அதனின்றும் விலக்கிவிட்டது.

வர்காஸ் பல ஆண்டுகள் வறுமையில் உழன்றபின், 1960-ஐ ஒட்டி 'பிளேபாய்' பத்திரிகையில் மீண்டும் வரையலானார். துணைவி அன்னா மே 1974-இல் காலமானார். அதன்பின் அவருக்குத் தொழிலில் உற்சாகம் குன்றியது. 1982-இல் அவரும் மறைந்தார். அவருடைய பிற்காலப் படங்களின் மூலையில், பறிபோன அந்த ஈற்றெழுத்துடன், 'வர்காஸ்' என்ற முழுப் பெயரையும் காணலாம்.