எறவாணத்தில் ஓராண்டு

மார்கழி முடிகிற நாளில் சின்னசேலம் வட்டத்து நைனார்பாளையத்தில் வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்கள் குறைவு. சைக்கிள் கேரியரில், மொபெட்டின் முன்பக்கத்தில், தலைச்சுமையில் என்று வெள்ளையும் மஞ்சளும் பச்சையுமாக ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஏரிக்கரையில் அறுத்த பூளைப்பூ, சாலையோரத்து ஆவாரங்கொத்து, யார் வீட்டு மரம் என்று கேட்காமல் ஒடித்த வேப்பங்குலை. மூன்றையும் ஒரு பிடியாகச் சேர்த்துக் கட்டி, வாசலுக்கு மேலே கூரை இறங்கும் விளிம்பான எறவாணத்தில் செருகினால் காப்புக் கட்டியாயிற்று. மறுநாள் பொங்கல்.

கொங்குப் பகுதியிலும் சேலம், ஆத்தூர் பக்கத்திலும் இதே வழக்கம்தான். சில ஊர்களில் மாவிலை, தும்பை, நாயுருவி, பிரண்டை என்று கொத்து பெருத்துவிடும். வீட்டு வாசலோடு வேலை முடிவதில்லை. மாட்டுக் கொட்டகை, மோட்டார் ரூம், எருக்குழி, டிராக்டர் எல்லாவற்றுக்கும் ஒரு பிடி உண்டு. கட்டியதை யாரும் அவிழ்ப்பதில்லை. அடுத்த போகி வரை அது அங்கேயே தொங்கும்.

ஐரோப்பியர்களும் டிசம்பரில் காட்டுத் தழையால் வாசலை அலங்கரிக்கிறார்கள். ஆனால் அவர்கள் கணக்கு வேறு. பனிக்காலத்தில் அங்கே பெரும்பாலான மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். ஊசியிலை மரங்கள், ஹாலி, ஐவி என்று பச்சை மிச்சமிருக்கும் சிலவற்றைத்தான் வளையமாகப் பின்னிக் கதவில் மாட்ட முடியும். நம் ஊரில் நிலைமை தலைகீழ். கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரச் சமவெளியிலும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வரப்பெல்லாம் பச்சை பொங்கி நிற்கும் நேரம் தை பிறக்கும் நேரம். பச்சைக்குப் பஞ்சமே இல்லை. அத்தனை செடியிலும் பூளை முதலிடம் பிடித்தது ஏன்?

ஒரு பூளைத் தண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். முழங்கால் உயரம் வளரும் செடி. இலை, தண்டு எல்லாவற்றிலும் சாம்பல் படிந்ததுபோல மெல்லிய ரோமம். இலைக் கக்கங்களில் வெண்பஞ்சு உருண்டைகளாகத் தெரிபவை தனிப்பூக்கள் அல்ல, கதிர்கள். ஒவ்வொரு கதிரிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாத பூக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். ரோஜாவோ செம்பருத்தியோ விரிந்து நிற்பதற்கு இதழின் செல்களுக்குள் இருக்கும் நீரழுத்தம் காரணம். பறித்ததும் நீர் வற்றும், அழுத்தம் குறையும், இதழ் தொங்கிவிடும். பூளையின் பூவிதழ்கள் செடியில் இருக்கும்போதே கிட்டத்தட்ட உலர்ந்த செதில்கள். அவற்றில் வற்றுவதற்கு நீரே அதிகமில்லை. வடிவத்தைத் தாங்கி நிற்பது செல்சுவரும் ரோமமும்தான். வாடாமல்லி மாதக்கணக்கில் நிறம் மாறாமல் இருப்பதும் இதனால்தான். இரண்டும் கீரைக் குடும்பமான அமரந்தேசியைச் சேர்ந்தவை. நாயுருவியும் அதே குடும்பம்.

பூளையின் தாவரவியல் பெயர் ஏர்வா லனாட்டா. சித்த மருத்துவத்தில் கல்லடைப்புக்குச் சொல்லப்படும் சிறுபீளை இதுதான். இதன் பெரிய உறவான ஏர்வா ஜவானிகாவின் பஞ்சைத் தலையணைக்கும் சேணத்துக்கும் திணித்தார்கள். ஆஸ்திரேலியாவில் அது இன்று களையாகப் பரவிக் கிடக்கிறது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் பூப்பட்டியலில் ஆவிரை என்ற ஆவாரையும் பூளையும் அடுத்தடுத்த அடிகளில் இருக்கின்றன. கலித்தொகையிலோ இவற்றுக்கு அவ்வளவு மதிப்பில்லை: காதல் கைகூடாமல் பனைமடல் குதிரை ஏறி ஊருக்குள் வருகிறவன் எருக்கோடு சேர்த்து அணிகிற பூக்கள் இவை. ஊர் சிரிக்கச் சூடிய பூ எப்படி ஊர் முழுக்க வாசலுக்கு வந்தது என்பது தனி ஆராய்ச்சிக்குரிய கேள்வி.

ஆவாரம்பூ பூளையைப் போல நிலைக்காது. ஓரிரு நாளில் சுருங்கிவிடும். ஆனால் ஒடிக்கும் முன் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பவருக்கு அதில் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. பூச்சிக்குக் கூலி மகரந்தம் மட்டுமே. அந்த மகரந்தமும் லேசில் கிடைக்காது. மகரந்தப்பை முழுதாக வெடித்துத் திறப்பதில்லை, நுனியில் சிறு துளைதான் உண்டு. கட்டையைத் துளைத்துக் கூடு கட்டும் கருநிறத் தச்சு வண்டு வந்து பூவைக் கால்களால் இறுக்கிக்கொண்டு, சிறகை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவிடும். ‘ம்ம்ம்’ என்று தடித்த ஒரு சத்தம். உப்புக் குப்பியைக் குலுக்கியதுபோல மகரந்தம் துளை வழியே கொட்டும். மகரந்தத் தாள்கள் பத்தும் ஒரே அளவில் இருப்பதில்லை. சில வண்டுக்குத் தீனி கொடுக்க, சில அதன் உடம்பில் மகரந்தம் பூசி அடுத்த பூவுக்கு அனுப்ப, சில வெறும் மலடு. இதே செடியின் பட்டையை நம்பித்தான் ஒரு காலத்தில் தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழில் நடந்தது.

வேப்பிலைக்கு வருவோம். பொங்கல் நெருங்கினால் காப்புக்கட்டின் ‘அறிவியல் ரகசியம்’ வாட்ஸ்அப்பில் வலம் வரத் தொடங்கிவிடும்: வேம்பு காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்லும், மாவிலை பறித்த பிறகும் ஆக்சிஜன் தந்துகொண்டே இருக்கும் என்று. இரண்டுக்கும் அடிப்படை இல்லை. வேம்பின் நிஜத் திறமை பூச்சிகளிடம்தான். 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் கண்ணில் பட்ட பயிரையெல்லாம் மொட்டையடித்தபோது வேப்பமரம் மட்டும் பச்சையாக நின்றதை ஹைன்ரிச் ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர் கவனித்தார். வேம்பின் மீது உலக ஆய்வாளர்களின் பார்வை திரும்ப அது ஒரு காரணம். அதிலுள்ள அசாடிராக்டின் 1968-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதை ஆய்வகத்தில் முழுதாகச் செய்து முடிக்க 2007 ஆயிற்று. பூச்சிகளைத் தின்னவிடாமல் தடுப்பது, வளர்ச்சியைக் குலைப்பது அதன் வேலை. அது இலையைவிட விதையில்தான் அதிகம். வெயிலில் விரைவாகச் சிதைந்தும் போகும். எறவாணத்தில் தொங்கும் குலை கொசுவை விரட்டும் என்று எதிர்பார்ப்பது வீண். மாவிலையோ, கிளையிலிருந்து பிரிந்து நீர்வரத்து நின்றதும் இலைத்துளைகளை மூடிக்கொண்டுவிடும். அதன் சிறப்பு வேறு: மேல்தோலில் மெழுகுப் பூச்சு தடிமனாக இருப்பதால் மெதுவாகத்தான் காயும். ஊசியிலை வளையம் வாரக்கணக்கில் தாக்குப்பிடிப்பதும் இந்தப் பூச்சின் தயவில்தான்.

பிரண்டை இவை எல்லாவற்றையும் விஞ்சும். இரவில் மட்டும் துளையைத் திறந்து கரியமில வாயுவை அமிலமாகச் சேர்த்துவைத்து, பகலில் கதவடைத்துக்கொண்டு ஒளிச்சேர்க்கை செய்யும் தண்டு அது. வெட்டிக் கட்டிய பிறகும் நெடுநாள் பச்சை மாறாது.

ஓடும் கூரையும் போய் மாடி வீடுகள் வந்ததில் எறவாணம்தான் முதலில் காணாமல் போயிற்று. காப்பு இப்போது கேட்டுக் கம்பியிலும் சன்ஷேடு ஆணியிலும் தொங்குகிறது. சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில், தேடிப் போக நேரமில்லாதவர்களுக்குக் கடைவீதியிலேயே கட்டுக் கட்டாக விற்பனை. இலவசமாகக் கிடைத்த களைக்கு விலை வந்ததும் வேரோடு பிடுங்குவது கூடிவிட்டது. அடித்தண்டை விட்டு அறுத்தால் பூளை மறுபடி துளிர்க்கும். ஆவாரையோ எத்தனை முறை வெட்டினாலும் தழைக்கிற புதர். வரப்பில் களைக்கொல்லி தெளிப்பவர்கள் கரையோரம் ஒரு முழத்தை விட்டுவைத்தாலும் போதும்.

அதே கடைவீதியில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணமும் விற்கிறது, பல வருடம் உழைக்கும் என்ற உத்தரவாதத்தோடு. பூளைப்பூவுக்கு அப்படி ஒரு நகல் செய்ய யாரும் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. ஒரு வருடம் தாங்குகிற சரக்கு ஏரிக்கரையில் சும்மா கிடைக்கிறபோது அதற்குத் தேவையும் இல்லை.