விலைக்கு வாங்கிய வீடும் உடன்வந்த பாக்கியும்

மாணவச் செல்வங்களே! வீடு வாங்குவதும் விற்பதும் பெரியவர்களுடைய காரியம், அதில் நமக்கென்ன என்று நீங்கள் எண்ணலாம். ஆயினும் நாளை நீங்களும் வீட்டுக்கு உரியவராகவோ, வாடகைக்குக் குடியிருப்பவராகவோ ஆவீர்கள். ஆகவே நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றை இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.

2021ஆம் ஆண்டில், ஓய்வூதியப் பணத்தைக் கொண்டு, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சிறு வீடொன்றைக் கிரயம் பெற்றேன். அதில் வெள்ளிக் கொலுசு செய்யும் தொழிலாளி ஒருவர் குடும்பத்துடன் குடியிருந்தார். மூலப்பத்திரங்களைப் படித்தேன், வில்லங்கச் சான்றைப் பார்த்தேன். குடியிருப்பவரிடம் மட்டும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பத்திரம் பதிவான பிறகே, அவர் ஏழு மாத வாடகை தரவில்லை என்று விற்றவர் கூறினார். அவர் கொடுத்திருந்த முன்பணத்தை விலையில் கழித்துக்கொள்ளவும் நான் மறந்திருந்தேன்.

“மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள், தானே வெளியேறுவார்” என்றார் நண்பர் ஒருவர். எனக்கும் கோபம் இருந்தது. ஆனாலும் சட்டம் என்ன சொல்லுகிறது என்று முதலில் பார்த்தேன்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 109ஆம் பிரிவில் இதற்கு விடை தருகிறது. வீடு கைமாறுவதால் வாடகை உறவு அறுந்துவிடுவதில்லை. விற்றவருடைய இடத்தில் வாங்கியவர் நிற்கிறார். ஆனால் விற்பனைக்கு முன் நிலுவையான வாடகை, தனியே எழுதிப் பெற்றாலன்றி, வாங்கியவருக்கு உரியதாகாது. விற்பனையை அறியாத குடியிருப்பவர் பழைய உரிமையாளரிடம் வாடகை செலுத்திவிட்டால், அதையே மீண்டும் கேட்கவும் இயலாது. ஆகவே நான் கோபம் கொண்டிருந்த அந்த ஏழு மாதப் பாக்கி என் பணமே அன்று!

இனி வரும் பாக்கிக்கு வழி என்ன? போர்க்காலத்தில் வீடுகளுக்கு ஏற்பட்ட நெருக்கடியால் பிறந்த வாடகைக் கட்டுப்பாடு, நம் மாநிலத்தில் 1960ஆம் ஆண்டுச் சட்டமாக நெடுங்காலம் நிலவியது. வேண்டுமென்றே வாடகை தராதவர் யார் என்ற கேள்வியைச் சுந்தரம் பிள்ளை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985இல் ஆராய்ந்தது. அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதமாகியும் செலுத்தாதிருப்பது வேண்டுமென்றே செய்த தவறு என்றும், அத்தகைய அறிவிப்பு இல்லாதபோது சூழ்நிலையை ஆராய்ந்தே முடிவு காண வேண்டும் என்றும் அது கூறிற்று. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. இரண்டு மாத வாடகை நின்று, கேட்பு அறிவிப்புக்குப் பின் ஒரு மாதத்துக்குள்ளும் தீராவிட்டால், வாடகை நீதிமன்றத்தை நாடலாம். குடிநீரையும் மின்சாரத்தையும் உரிமையாளர் தாமாக நிறுத்தலாகாது.

நான் வீட்டை வாங்கிய செய்தியையும், வாடகை செலுத்த வேண்டிய நாளையும் எழுதி, ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்பினேன். மறுவாரம் அவரே தேடி வந்தார். “ஐயா, ஏழு மாதம் இல்லைங்க, நாலு மாதந்தான் பாக்கி. மூணு மாதத்துக்குக் கொடுத்திருக்கேனுங்க” என்று தம் மகளுடைய பள்ளி நோட்டு ஒன்றை நீட்டினார். தேதியும் தொகையும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. பெற்றவர் கையொப்பம் எங்கும் இல்லை. விற்றவரோ பெறவில்லை என்றே சாதித்தார். எவர் சொன்னது மெய் என்று இன்றளவும் எனக்குத் தெரியாது.

பழைய பாக்கியை அவ்விருவருக்குமே விட்டேன். புதிய உடன்பாட்டை எழுதிப் பதிவு செய்தோம். பின்னர் ஒருமுறை, வேலை குறைந்து, இரண்டு மாத வாடகை நின்றது. அறிவிப்பு அனுப்பினேன், கெடுவுக்குள் செலுத்தினார். நானும் அப்போதே ரசீது கொடுத்தேன்.

வீடு வாங்குவோர், விலை பேசும்போதே குடியிருப்பவரைக் கண்டு, பாக்கியும் முன்பணமும் எவ்வளவு என்று மூவரும் கையொப்பமிட்ட குறிப்பு ஒன்றைப் பெறுதல் வேண்டும். வாடகை கொடுப்போர் ரசீதின்றிக் கொடுத்தல் ஆகாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் கற்பித்தேன். கொடுத்த பணத்துக்குக் கையொப்பம் கேட்கக் கற்பிக்கவில்லை. அந்த நோட்டைக் கண்ட அன்றுதான் என் குறை எனக்குப் புலப்பட்டது. அப்பாடத்தை இன்று உங்களிடம் சேர்ப்பித்துவிட்டேன்.