பத்து சென்டிமீட்டர் போர் விமானம்

ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, என்ன வேகத்தில் வருகிறது என்று சொல்வது ரேடாருக்குச் சுலபம். வருவது என்ன விமானம்னு சொல்வதுதான் கஷ்டம். 1988 ஜூலையில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரானின் பயணிகள் விமானம் ஒன்றை எஃப்-14 போர் விமானம் என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தார்கள்.

எதிரொலியை வைத்தே விமானத்தின் வகையைச் சொல்ல வேண்டுமென்றால், ஒவ்வொரு விமானமும் ஒவ்வொரு கோணத்திலும் எப்படி எதிரொலிக்கும் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். நிஜ விமானத்தைத் தூக்கி நிறுத்தி, சுற்றிச் சுற்றி அளக்கலாம். ஏகப்பட்ட செலவு. அதோடு எதிரி நாட்டு விமானத்தை யார் இரவல் தருவார்கள்?

இங்கேதான் டெராஹெர்ட்ஸ் உதவிக்கு வருகிறது. பொருளையும் அலைநீளத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் அலை சிதறும் விதம் மாறாது. 10 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளம் 3 செ.மீ. சுமார் 15 மீட்டர் நீள எஃப்-16 விமானத்தை 150 மடங்கு சுருக்கினால் 10 செ.மீ. பொம்மை. அலைநீளமும் அதே அளவு சுருங்கி 0.2 மி.மீ. ஆக வேண்டும். அதாவது 1.5 டெராஹெர்ட்ஸ். கிடைக்கும் ரேடார் குறுக்குவெட்டுப் பரப்பை 150-இன் வர்க்கத்தால், அதாவது 22,500-ஆல் பெருக்கினால் நிஜ விமானத்தின் மதிப்பு வந்துவிடும்.

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2010-இல் இதைச் செய்து காட்டினார்கள். லித்தியம் நியோபேட் படிகத்தில் லேசர் துடிப்பைப் பாய்ச்சி டெராஹெர்ட்ஸ் துடிப்பை உண்டாக்கி, உலோகப் பொம்மை விமானத்தின் மேல் விட்டார்கள். திரும்பி வருவதைப் பிகோசெகண்டுக்கும் குறைவான நேரத் துல்லியத்தில் அளந்தார்கள். எதிரொலி ஒரு பிகோசெகண்ட் தாமதமானால் தூரத்தில் 0.15 மி.மீ. வித்தியாசம், நிஜ விமானத்தில் அது இரண்டே கால் செ.மீ. அதனால் இறக்கையில் தொங்கும் ஆயுதத்தின் எதிரொலியைக்கூடத் தனியாகப் பிரிக்க முடிந்தது. பொம்மையைத் திருப்பித் திருப்பி அளந்து, சி.டி. ஸ்கேனில் பயன்படும் அதே வகைக் கணக்கைப் போட்டால் விமானத்தின் உருவமே வந்துவிடுகிறது.

ஆனால் ஒரு சிக்கல். உருவம் சுருங்கும், பொருளின் குணம் சுருங்காது. ரப்பரும் பெயின்ட்டும் 10 கிகாஹெர்ட்ஸில் நடந்துகொள்வது போல 1.5 டெராஹெர்ட்ஸில் நடந்துகொள்ளாது. பொம்மையில் 0.1 மி.மீ. கீறல் இருந்தால் நிஜத்தில் ஒன்றரை செ.மீ. பள்ளத்துக்குச் சமம். ராணுவ வாகன மாதிரிகளை இப்படி அளக்கும் அமெரிக்காவின் லோவெல் ஆய்வகத்தில், உலோகம் அல்லாத பாகங்களுக்கு ஏற்ற மின்பண்பு கொண்ட பொருள்களைத் தனியாகவே தயாரிக்கிறார்கள். கடையில் வாங்கும் பொம்மை இதற்கு உதவாது.