ஐந்து பறவைகள், ஒரு காதல் சிக்கல்

ஐந்து வீரர்கள், ஐந்து நிறங்கள். 1975-இல் ‘கோரேஞ்சர்’ வகுத்துக் கொடுத்த சூத்திரம் ஜப்பானியச் சிறுவர்களுக்கு மனப்பாடம். அதைக் கலைத்துப் போட்டவர் திரைக்கதையாசிரியர் தோஷிகி இனோவே. 1991 பிப்ரவரியில் தொடங்கிய ‘ஜெட்மேன்’ தொடரில் முறையாகப் பயிற்சி பெற்றவன் தலைவன் ரியூ மட்டுமே. மற்ற நால்வர் தற்செயலாகச் சக்தி பெற்றவர்கள்: செல்வச் சீமாட்டி கவோரி, ஒரு விவசாயி, ஒரு பள்ளி மாணவி, மதுவும் சூதாட்டமுமாகத் திரியும் காய் யூகி.

யூகிக்கு கவோரி மீது கண். அவளுக்கோ ரியூ மீது. ரியூ, முதல் தாக்குதலில் பறிகொடுத்த காதலி ரியேயின் நினைவில். போதாக்குறைக்கு அந்த ரியே பழசை மறந்து, மரியா என்ற பெயரில் எதிரி முகாமில் நிற்கிறாள். இந்த லட்சணத்தில் உலகைக் காப்பது எப்படி? மற்ற தொடர்களில் முகமூடியோடு கூடவே வந்துவிடும் ஒற்றுமை, இங்கே சண்டையும் பொறாமையுமாக மெல்ல விளைகிறது. குழுவில் சேரவே மறுத்த யூகிதான் கடைசியில் ரியூவின் ஆத்ம நண்பன்.

51-ஆவது, இறுதிப் பகுதி. போர் முடிந்து மூன்று ஆண்டுகள். ரியூ-கவோரி திருமணம். பூ வாங்கிக்கொண்டு கிளம்பும் யூகியை, பெண்ணொருத்தியின் பையைப் பறித்தோடும் சாதாரணத் திருடன் குத்திவிடுகிறான். சிறுவர் தொடருக்கு இது கொஞ்சம் அதிகம்தான். குத்துப்பட்ட இடத்தை மறைத்தபடி மாதா கோவில் வெளியே பெஞ்சில் அமர்ந்து, மணமக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் யூகி.