கட்டடக் கூரைக்கும் முகப்புக்கும் உலோகம் தேர்ந்தெடுத்தல்

கட்டடத்தின் கூரையையும் முகப்பையும் மூடும் உலோகத் தகடுகள் வெயில், மழை, உப்புக்காற்று ஆகியவற்றை நேரடியாகத் தாங்குபவை. எந்த உலோகமும் எல்லா இடத்துக்கும் ஏற்றதன்று. ஒரு தகடு எவ்வளவு காலம் உழைக்கும் என்பது உலோகத்தின் வகையை மட்டுமன்றி, சூழலையும், அதைத் தொட்டிருக்கும் பிற உலோகங்களையும், நீர் வடியும் விதத்தையும் பொறுத்தது.

காப்புப் படலம்

சாதாரண எஃகில் உண்டாகும் துரு உதிர்ந்து, உள்ளிருக்கும் உலோகத்தை மீண்டும் வெளிக்காட்டும். அதனால் அரிப்பு தொடர்கிறது. நீடித்து உழைக்கும் உலோகங்களில் உருவாகும் மெல்லிய படலமோ மேற்பரப்போடு ஒட்டி நின்று அரிப்பைத் தடுக்கிறது. செம்பில் உண்டாகும் பச்சைக் களிம்பு இதற்கு எடுத்துக்காட்டு.

முதன்மை உலோகங்கள்

• துத்தநாகம் பூசிய எஃகு: விலை குறைவு. வெட்டிய விளிம்பில் துத்தநாகம் தான் அரிந்து எஃகைக் காக்கும். பூச்சு தீர்ந்ததும் எஃகு துருப்பிடிக்கும்; எனவே பூச்சின் தடிமனே ஆயுளைத் தீர்மானிக்கிறது.
• அலுமினியம்-துத்தநாகப் பூச்சு எஃகு: பூச்சில் எடையளவில் 55% அலுமினியம், மீதியில் பெரும்பகுதி துத்தநாகம். பொதுவாக வெறும் துத்தநாகப் பூச்சைவிட நீண்ட நாள் உழைக்கும்.
• அலுமினியம்: எடை எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஈரமான சிமெண்ட் இதை அரிக்கும்.
• துருப்பிடிக்கா எஃகு: 304 தரம் பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றது. கடலோரத்துக்கு, 2 முதல் 3% மாலிப்டினம் கொண்ட 316 தரம் சிறந்தது.
• வானிலை எஃகு: நனைந்து உலரும் இடங்களில் இதன் துருவே காப்பாகும். உப்புக்காற்றில் அப்படலம் நிலைபெறாது. 1975இல் ஹவாயில் திறக்கப்பட்ட அலோகா விளையாட்டரங்கம் இவ்வகை எஃகால் கட்டப்பட்டு, கடுமையான அரிப்புக்கு உள்ளானது.

உலோகங்கள் ஒன்றையொன்று தொடுதல்

இருவேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், அவற்றுள் வினைத்திறன் மிக்கது விரைந்து அரிக்கப்படும். 1886இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுதந்திர தேவி சிலையில் செம்புத் தகட்டை இரும்புச் சட்டங்கள் தாங்கின. இடையிலிருந்த காப்புப் பொருள் சிதைந்ததால் இரும்பு அரித்து வீங்கியது. 1984-1986இல் நடந்த சீரமைப்பில் அச்சட்டங்கள் துருப்பிடிக்கா எஃகால் மாற்றப்பட்டன. இதே காரணத்தால், செம்புக் கூரையிலிருந்து வடியும் நீர் அலுமினியத்தின் மீதோ துத்தநாகப் பூச்சின் மீதோ விழக்கூடாது.

கவனிக்க வேண்டியவை

• வெப்பத்தால் உலோகம் நீளும். வெப்பநிலை 40 பாகை உயர்ந்தால் 10 மீட்டர் அலுமினியத் தகடு ஏறத்தாழ 9.6 மில்லிமீட்டரும், எஃகுத் தகடு அதில் பாதியும் நீளும். நகர இடமில்லாவிட்டால் திருகாணித் துளைகள் அகன்று ஒழுகும்.
• திருகாணிகள் தகட்டுக்கு ஒத்துப்போகும் உலோகமாகவும், தகட்டைவிட முன்னதாக அழியாதவையாகவும் இருக்க வேண்டும்.
• நீர் தேங்காத சரிவு தேவை. மழைபடாத இறவாரத்தின் அடிப்பகுதியில் உப்பு படியும். கடலோரத்தில் அதை அவ்வப்போது நன்னீரால் கழுவ வேண்டும்.
• விலையை ஒப்பிடும்போது பராமரிப்பு, மறுபூச்சு, மாற்றுச் செலவு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். எளிதில் ஏற முடியாத உயரமான கூரையில், மலிவான தகடே இறுதியில் அதிகச் செலவு வைக்கக்கூடும்.