இட்லி மாவும் ஞாயிறு வெளிச்சமும்: வேலைக்குப் போகிறவரின் கேமரா எப்படி இயங்குகிறது?

ஊறவைப்பது, அரைப்பது, புளிக்கவைப்பது எல்லாம் சேர்த்தால் இட்லிக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். ஆனால் நாம் கூடவே நிற்பது ஒரு மணி நேரம்தான். மற்றதை மாவே பார்த்துக்கொள்ளும். வேலைக்குப் போகிறவருக்குப் புகைப்படப் பழக்கமும் இப்படித்தான் கைகூடும். முழு நாள் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் கேமரா பீரோவிலேயே கிடக்கும். திருச்சியில் ஒரு வாரத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் அடுப்பு, அதாவது சூரியன். திருச்சியில் ஆண்டு முழுவதும் அது சுமார் 5.50-க்கும் 6.40-க்கும் இடையிலேயே உதிக்கிறது. தாழ்வாக இருக்கும்போது அதன் வெளிச்சம் அதிகக் காற்றைக் கடந்து வர வேண்டும். சல்லடை கப்பியை நிறுத்திக்கொள்வதுபோல, காற்று நீலத்தை வழியிலேயே சிதறடித்துவிடுகிறது. பொன்னிறம் நம்மிடம் வந்து சேர்கிறது. அந்த நல்ல வெளிச்சம் முடிந்த பிறகுதான் ஆபீஸ் தொடங்குகிறது. ஆக, இரண்டுக்கும் சண்டையே இல்லை.

அடுத்து ஊறவைப்பது. புதன் இரவு பத்து நிமிடம் போதும். ஒரே ஒரு இடத்தை முடிவு செய்யுங்கள். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் என்று வைத்துக்கொள்வோம். 1987-இல் கட்டி முடிந்த இந்த 236 அடிக் கோபுரம் தெற்குப் பார்த்தது. மார்கழியில் சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே தள்ளி உதிக்கும். அதனால் வெளிச்சம் பக்கவாட்டில் வருடிப் போகும். முறத்தைச் சாய்த்தால் அரிசியில் கல் தெரிவதுபோல, ஒவ்வொரு மேடுபள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். ஆனியில் சூரியன் வடக்கே தள்ளி உதிப்பதால் அதே முகம் விடியலில் நிழலில் இருக்கும். அப்போது காவிரிக் கரையிலுள்ள அம்மா மண்டபம் படித்துறைக்குப் போங்கள். இடம் முடிவானதும் பேட்டரியை சார்ஜில் போடுங்கள், மெமரி கார்டைக் காலி செய்யுங்கள்.

பிறகு அரைப்பது. ஞாயிறு விடியலில் முக்கால் மணி நேரம். படித்துறையில் நீராடுகிறவர்களையும் திதி கொடுக்கிறவர்களையும் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

பிறகு புளிக்கவைப்பது. அன்றே படங்களைப் பார்த்தால் பட்ட பாடுதான் நினைவில் நிற்கும். இரண்டு நாள் விட்டுப் பார்த்தால் படம் மட்டும் தெரியும். செவ்வாய் இரவு ஐந்து படங்களைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

வேலையை இப்படிப் பிரித்துக்கொள்வது பழைய வழிதான். 1858-இல் ஸ்ரீரங்கத்தையும் மலைக்கோட்டையையும் படமெடுத்த லினேயஸ் ட்ரைப், சென்னை மாகாணப் படையின் அதிகாரி. தாய்நாடான இங்கிலாந்துக்கு விடுப்பில் போனபோது புகைப்படம் பழகியவர். 1856-இல் சென்னை மாகாண அரசு அவரைப் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் பெரும்பாலும் கையாண்டது மெழுகேற்றிய காகித நெகடிவ். அதை முன்பே தயாரித்து வைக்கலாம், படமெடுத்த பின் சாவகாசமாகக் கழுவலாம். மாவைப் போலவே அதுவும் காத்திருக்கும்.

சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரில் சூரிய உதய நேரம் போட்டிருந்தால் பாருங்கள். வரும் ஞாயிற்றின் தாளில் ஓர் இடத்தின் பெயரை எழுதுங்கள். அரிசி ஊறத் தொடங்கிவிட்டது.